விளம்பரம் இல்லாத மாட்டுத்தீவனம்

அமாவாசை அன்று காலையில் ஊரில் எந்தக் கோயில் வாசலுக்குப் போனாலும் ஒரு காட்சி நிச்சயம். ஒரு பாட்டி கட்டுக்கட்டாக அகத்திக்கீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பசு நிற்கும். காசு கொடுத்து ஒரு கட்டு வாங்கி, பசுவின் வாயருகே நீட்டி, அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். முன்னோர்களுக்குத் திருப்தியோ இல்லையோ, பசுவுக்கு நல்ல திருப்தி! ஏனென்றால் அகத்தி சாதாரணத் தழை இல்லை. அதுவும் பயறுவகைச் செடி. காய்ந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம்.

சரி, அமாவாசைக்கு மறுநாள் அந்தப் பசு என்ன சாப்பிடுகிறது? இதுதான் கேள்வி. நகரத்துப் பசு சுவரொட்டி தின்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. கிராமத்துப் பசு, அதிலும் தை மாதம் முடிந்து பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் ஏறும்போது, என்ன சாப்பிடுகிறது? பதில் ஒரே வார்த்தை: வைக்கோல். கொங்குப் பக்கம் என்றால் சோளத்தட்டு. கையில் காசு இருந்தால் அதன் மேல் ஒரு கிலோ, இரண்டு கிலோ மாட்டுத்தீவனம். காசு இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

உலகத்திலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. 1990களின் இறுதியில் அமெரிக்காவை முந்தியது, இன்னும் யாருக்கும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2023-24ல் மொத்த உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 95 லட்சம் மாடுகள். இவற்றில் பெரும்பாலானவை பெரிய பண்ணைகளில் இல்லை. ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு என்று வீட்டுக் கொட்டகையில் நிற்கின்றன. இந்த வீடுகள் ஒவ்வொரு கோடையிலும் நஷ்டக் கணக்கு எழுதுகின்றன. வரப்பிலும் வேலியோரத்திலும் வளர்க்கக்கூடிய சில புதர்ச்செடிகள் அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை நிறுத்த முடியும். அப்படியிருந்தும் அவை ஏன் எல்லா வரப்பிலும் இல்லை? காரணம் விவசாய அறிவு சம்பந்தப்பட்டது இல்லை, வியாபாரம் சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

கோடையில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடிந்தால், ஜனவரி முதல் மே வரை ஏறக்குறைய ஐந்து மாதம் பச்சை குறைந்துகொண்டே போகும். மேய்ச்சல் நிலத்தில் புல் காய்ந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இருப்பவர் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடுவார். தண்ணீர் இல்லாதவர் வைக்கோல் போரை எண்ணிக்கொண்டிருப்பார்.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நார்ச்சத்தை உடைத்து மாட்டுக்குச் சத்தாக மாற்றுவது அவைதான். அவை வேலை செய்ய வேண்டுமானால் சாப்பாட்டில் குறைந்தது 7 சதவீதம் அளவுக்காவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், வைக்கோல் மெதுவாகத்தான் செரிக்கும், வயிறு காலியாகாது, மாடு இன்னும் குறைவாகத் தின்னும். வைக்கோல் மலைபோல் முன்னால் கிடந்தாலும் மாடு மெலிவது இதனால்தான். பட்டினி கிடப்பது மாடு மட்டுமில்லை, மாட்டுக்குள்ளே இருக்கும் வேலைக்காரர்களும்தான்!

விளைவு மூன்று இடத்தில் தெரியும். முதலாவது, பால் அளவு குறையும். இரண்டாவது, பாலின் தரம் குறையும். சொசைட்டியில் பாலுக்கு விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் பார்த்துத்தான். சரியாகத் தின்னாத மாட்டின் பாலில் எஸ்.என்.எஃப். இறங்கும், லிட்டருக்குக் கிடைக்கும் காசும் இறங்கும். மூன்றாவது, அதிகம் பேர் கணக்கில் எழுதாதது: மெலிந்த மாடு காலத்தில் சினைக்கு வராது. மாட்டின் பருவச் சுழற்சி 21 நாள். ஒரு முறை தவறினால் மூன்று வாரம், இரண்டு முறை தவறினால் ஒன்றரை மாதம், கறவை இல்லாமல் தீனி மட்டும் போட வேண்டும். இந்தச் செலவுக்கு ரசீது கிடையாது. அதனால் யாரும் இதைச் செலவு என்றே நினைப்பதில்லை.

மழை பொய்த்த வருஷத்தில் கதை இன்னும் மோசம். 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த மாதிரி நேரத்தில் வைக்கோல் விலை ஏறும், மாட்டு விலை இறங்கும். எல்லோரும் ஒரே சந்தையில் ஒரே வாரத்தில் மாட்டை விற்க நின்றால் விலை என்ன ஆகும் என்று பொருளாதாரம் முதல் செமஸ்டர் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கி வாங்கிய மாடு கடனைவிடக் குறைந்த விலைக்குப் போகும். மாடு போனாலும் தவணை போகாது.

புதருக்கு என்ன சிறப்பு?

புல்லுக்கு வேர் மேலே. புதருக்கும் மரத்துக்கும் வேர் ஆழத்தில். மேல்மண் காய்ந்த பிறகும் கீழே ஈரம் இருக்கும், அதைத் தொட வேர் வேண்டும். அதனால்தான் சித்திரை வெயிலில் புல்வெளி பழுப்பாகவும் வேலியோரம் பச்சையாகவும் இருக்கிறது. அதோடு பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருந்து காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. யூரியா மூட்டை வாங்காமலே இலையில் புரதம் சேர்கிறது. சூபாபுல் இலையிலும் வேலிமசாலிலும் காய்ந்த எடையில் சுமார் 20 சதவீதமோ அதற்கு மேலோ புரதம் உண்டு. வைக்கோலோடு இதை வைத்துப் பாருங்கள்!

இங்கே கிடைக்கும் செடிகள் எவை?

வேலிமசால்: பெயரிலேயே வேலி இருக்கிறது. விதை ஓடு கடினமானது, அதனால் சுடுநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைப்பார்கள். விதைத்து மூன்று மாதத்தில் முதல் அறுவடை. பிறகு நாற்பது நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். சில வருஷங்களுக்கு மறுபடி விதைக்க வேண்டியதில்லை.

சூபாபுல்: சவுண்டல் என்றும் கூபாபுல் என்றும் சொல்வார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்காவில் இருந்து வந்தது. வேகமாகத் தழையும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். இதற்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு, கீழே வரும்.

கிளைரிசிடியா: இலங்கையில் சீமைக்கிளுவை என்பார்கள். விதை கூட வேண்டாம், போத்து வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். வேலிக்கு வேலி, வயலுக்குத் தழையுரம், மாட்டுக்குத் தீனி. வாசனை பிடிக்காமல் மாடு முதலில் முகத்தைத் திருப்பும். ஒரு பொழுது வாடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தின்னும்.

அகத்தி: வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடுவது இதைத்தான். வேகமாக வளரும், ஆனால் ஆயுள் குறைவு. அடிக்கடி கழுத்தை வெட்டினால் பட்டுப்போகும். பக்கக் கிளையை அளவாக ஒடிக்க வேண்டும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்று ஒரு முறை பரம்பரையாக இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். கோடையில் புல் தீர்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும். அதைத் தின்று காங்கேயம் மாடு கோடையைத் தாண்டும். வெள்வேலும் பயறுக் குடும்பம்தான். மழையை நம்பி வாழ்ந்தவர்கள் மரத்தையும் நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கென்யாவில் என்ன செய்தார்கள்?

வெளிநாட்டு உதாரணம் என்றால் எல்லோரும் இஸ்ரேலையும் டென்மார்க்கையும் சொல்வார்கள். இந்த விஷயத்தில் பார்க்க வேண்டிய இடம் கென்யா. கென்யா மலையின் சரிவில் எம்பு என்று ஒரு பகுதி. அங்கேயும் சிறு விவசாயிகள், ஒன்றிரண்டு கறவை மாடுகள், விலை கொடுத்து வாங்க முடியாத அடர்தீவனம். 1990களில் அங்கே காலியாண்ட்ரா என்ற மத்திய அமெரிக்கப் புதரை ஆராய்ச்சி நிலையங்களும் விவசாயிகளும் சேர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். கிடைத்த கணக்கு எளிமையானது. மூன்று கிலோ பச்சை இலை, ஒரு கிலோ அடர்தீவனத்துக்குச் சமம். ஒரு மாட்டுக்கு வருஷம் முழுக்க நாளுக்கு ஆறு கிலோ பச்சை இலை கொடுக்க சுமார் 500 செடி போதும்.

அவர்கள் இதற்காகச் சோள வயலை அழிக்கவில்லை. வீட்டைச் சுற்றியும் வேலியோரத்திலும் சரிவின் மண்வரப்பிலும் வரிசையாக நட்டார்கள். குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் போட்டார்கள். விதை சேகரித்து விற்பதே சிலருக்குத் தொழிலாகிவிட்டது. 2000களின் நடுவில் கென்யா, உகாண்டா, ருவாண்டா, வடக்கு தான்சானியா சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தீவனப் புதர் வளர்த்தார்கள்.

500 செடி என்றால் எவ்வளவு இடம்? சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 254 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு செடி என்று ஓரத்தில் மட்டும் நட்டால் 500 செடிக்கு மேல் வந்துவிடும். உள்ளே ஒரு சென்ட் கூடக் குறையாது. ஒரு ஏக்கர் வேலி, ஒரு மாடு! ஆனால் எம்புவில் மழை நம் வறண்ட மாவட்டங்களைவிட அதிகம். அதனால் அந்தக் கணக்கை அப்படியே காப்பி அடிக்காமல் பாதியாக வெட்டிப் பார்ப்பதுதான் நியாயம்.

இனி லெட்ஜரைத் திறக்கலாம்

நாளுக்கு மூன்று கிலோ பச்சை இலை கிடைக்கிறது, ஒரு கிலோ அடர்தீவனம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் 150 கோடை நாளுக்கு 4,500 ரூபாய். வரவுப் பக்கம் அழகாக இருக்கிறது. பற்றுப் பக்கத்தில் என்ன? விதைச் செலவு சின்னது. முதல் வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய செலவு வெட்டும் கூலி. மணிக்கு 50 ரூபாய் என்று போடுங்கள். தினம் அரை மணி நேரம் வெட்டினால் 3,750 ரூபாய். மிச்சம் வெறும் 750! தோட்டம் தூரத்தில் இருந்து தினம் ஒரு மணி நேரம் ஆனால் செலவு 7,500, அதாவது 3,000 ரூபாய் நஷ்டம். அதே செடி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்து கால் மணி நேரத்தில் வேலை முடிந்தால் செலவு 1,875, மிச்சம் 2,625.

விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் கணக்கு சொல்லும் பாடம் மாறாது. எந்தச் செடி என்பதைவிட எங்கே நடுகிறோம் என்பதுதான் முக்கியம். மேடைப் பேச்சுகளில் 'செலவே இல்லாத தீவனம்' என்று சொல்கிறார்களே, அது பொய். அந்தச் செலவைச் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பால் கறப்பது, சாணி அள்ளுவது, தீனி போடுவது எல்லாம் ஏற்கெனவே அவர்கள் தலையில். சம்பளம் கொடுக்கவில்லை என்பதற்காக அது செலவு இல்லை என்று ஆகிவிடாது. புதர்த் தீவனத்தைப் பரிந்துரைப்பவர்கள் அந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோடையில் அடர்தீவனமே வாங்க முடியாத வீட்டில் இந்த இலை எதற்கும் மாற்று இல்லை, கூடுதல் சத்து. அங்கே மிச்சப்படுவது தீவனக் காசு அல்ல, குறையாமல் நின்ற பால். நாளுக்கு அரை லிட்டர் காப்பாற்றினால்கூட, லிட்டர் 35 ரூபாய் என்றால் 150 நாளில் 2,625 ரூபாய் (ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32லிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது). ஆனால் தீவனமும் மிச்சம், பாலும் ஏறும் என்று ஒரே இலையை இரண்டு முறை வரவு வைக்கக் கூடாது. அது அக்கவுண்டன்சி இல்லை, விளம்பரம்! கணக்கில் வராத மூன்றாவது லாபம் சினைப் பருவம். மாடு உடம்பு தேறி ஒரு சுழற்சி முன்னதாகச் சினை பிடித்தால் அது தனி வரவு.

அப்படியானால் ஏன் எங்கும் இல்லை?

'விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை' என்பது எல்லாக் கருத்தரங்கிலும் சொல்லப்படும் பதில். மிக வசதியான பதில். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் வேலை முடிந்துவிடும். ஆனால் அதே விவசாயிக்கு எந்தக் கம்பெனி தீவனம் என்ன விலை, எந்தத் தாது உப்பு எந்தக் கடையில் என்று அத்துப்படி. எப்படித் தெரிந்தது? சுவரில் எழுதியிருக்கிறது. டீலர் சொல்கிறார். கடனுக்குக் கொடுக்கிறார். பால் பணத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மூட்டை தீர்ந்ததும் அடுத்த மூட்டை வருகிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும்.

வேலிமசாலுக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை விதை வாங்கினால் சில வருஷம் வாங்க மாட்டார்கள். பிறகு தன் செடியிலேயே விதை எடுத்துக்கொள்வார்கள். கிளைரிசிடியாவுக்கு விதையே வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துப் போத்து போதும். மறுபடி மறுபடி வாங்காத பொருளுக்கு எந்த டீலர் சுவரில் எழுதுவார்? விவசாயிக்கு எது லாபமோ அதுவே விற்பவருக்கு நஷ்டம். நல்ல பொருளாக இருந்தும் சந்தையில் ஆதரவில்லாமல் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் சூபாபுல் கதையைப் பாருங்கள். பூனாவுக்கு அருகே உருளிகாஞ்சனில் 1967ல் மணிபாய் தேசாய் தொடங்கிய பைஃப் நிறுவனம் இந்த மரத்தை இந்தியாவில் பரப்பப் பாடுபட்டது. 'சு' என்றால் நல்ல, 'பாபுல்' என்றால் கருவேலம். பெயரே நல்ல கருவேலம்தான். 1977ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி இந்த மரத்துக்காகவே ஒரு அறிக்கை வெளியிட்டது. அதிசய மரம் என்று உலகமே பேசியது. பிறகு 1980களில் இலையை உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி பசிபிக் தீவுகளில் தொடங்கி ஆசியா முழுவதும் பரவி, அதிசயத்தை மொட்டையடித்தது. மரம் அழியவில்லை, பேச்சு அடங்கிவிட்டது.

ஆனால் ஆந்திராவில் பிரகாசம், குண்டூர், கிருஷ்ணா மாவட்டங்களில் அதே சூபாபுல் பெரும் பரப்பில் வளர்ந்தது. மாட்டுக்காக இல்லை, காகித ஆலைக்காக! மரம் ஒன்றுதான். ஒரு இடத்தில் எடை போட்டு வாங்க ஆள் இருந்தது, தோப்பு தோப்பாக நட்டார்கள். இன்னொரு இடத்தில் வாங்குவது வீட்டு மாடு, அது செக் கொடுக்காது. இதை விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்ல முடியுமா?

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உள்ள உண்மை

சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அதிகம் கொடுத்தால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும். இது வதந்தி இல்லை, உண்மை. ஆனால் ஹவாயில் ஆடுகள் இதைத் தாராளமாகத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் இதைக் கவனித்து, அந்த ஆடுகளின் வயிற்றில் நச்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றியபோது அவையும் தப்பின. 1992ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் விவசாயிக்கு வேண்டியது எளிய விதி: மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் வேண்டாம். கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்ட வேண்டும். வேலிமசாலில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பயம், பரவல். சீமைக்கருவேலத்தில் பட்ட அனுபவம் இருக்கிறதே! அதுவும் வறட்சிக்கு உதவும் என்று கொண்டுவந்த பயறுவகைதான். கடைசியில் 2017ல் நீதிமன்றம் தலையிட்டு வெட்டச் சொல்லும் நிலை வந்தது. சூபாபுலும் உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எனவே தினம் வெட்டும் வரப்பில் வைக்கலாம், புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் தூவக் கூடாது. காய் முற்றுமுன் வெட்டினால் விதை பரவாது. வெட்ட ஆள் இல்லாத வீட்டில் நடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, நிலம். குத்தகைக்கு உழுபவர் பல வருஷச் செடி எப்படி நடுவார்? நிலக்காரர் சம்மதிக்க மாட்டார். நிலமே இல்லாமல் மாடு வளர்ப்பவர்களுக்கு வரப்பு ஏது? இது உண்மையான தடை. அவர்களுக்கு வீட்டுப் படலிலும் கொட்டகையைச் சுற்றியும் பத்து இருபது கிளைரிசிடியா அல்லது அகத்தி நடலாம், அவ்வளவுதான். அதைக் கோடைக்கான தீர்வு என்று சொன்னால் ஏமாற்று.

நான்காவது, ஆடு. காவல் இல்லாத இளம் செடியை ஆடு ஒரு பகலில் முடித்துவிடும். முதல் ஆறு மாதம் முள் கட்டிக் காப்பாற்றியாக வேண்டும்.

ஐந்தாவது, கோடையில் புதரும் இலை உதிர்க்காதா? உதிர்க்கும். வெட்டாமல் முதிர விட்ட கிளைரிசிடியா, வெயில் காலத்தில் பூத்து மொட்டையாக நிற்கும். மழை முடியும் நேரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் இளந்துளிர் கோடைக்குள்ளும் நிற்கும். அதிகமாக இருக்கும் மாதத்தில் இலையை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம். ஒரு செடியை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று வகை கலந்து நட்டால், பூச்சி வந்தாலும் மொத்த முதலும் போகாது. பங்குச் சந்தையில் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று சொல்வது மாட்டுக் கொட்டகைக்கும் பொருந்தும்.

யார் செய்ய வேண்டும்?

சந்தை செய்யாது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் விற்று லாபம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத, ஆனால் பால் குறைந்தால் நஷ்டப்படும் அமைப்புதான் செய்ய வேண்டும். அப்படி ஒன்று ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருக்கிறது: பால் கூட்டுறவுச் சங்கம். கோடையில் சங்கத்துக்கு வரும் பால் குறைந்தாலும் கட்டட வாடகையும் ஊழியர் சம்பளமும் குறையாது. நிலையான செலவு, குறையும் உற்பத்தி. லிட்டருக்கான செலவு ஏறும். எனவே உறுப்பினரின் வேலியில் பச்சை நிற்பது சங்கத்துக்கே லாபம். மூட்டைத் தீவனத்தைப் பால் பணத்தில் பிடித்துக் கொடுக்கும் அதே சங்கம், விதையையும் போத்தையும் ஏன் அதே முறையில் கொடுக்கக் கூடாது? தொகை சின்னது, ஒரு வாரப் பால் பணத்தில் அடங்கிவிடும்.

இலவசமாகக் கொடுப்பதைவிட இது நல்லது என்றும் சொல்லலாம். இலவசச் செடி ஆட்டுக்குப் போகும், காசு கொடுத்த செடிக்கு முள் கட்டுவார்கள். கூடவே ஒரு உறுப்பினரின் தோட்டத்தில் நூறு செடி நட்டு, ஒரு கோடை முழுக்க அந்த வீட்டுப் பால் அட்டையை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் கருத்தரங்கே வேண்டாம். எஸ்.என்.எஃப். எண்ணைவிட நம்பகமான பேச்சாளர் ஊரில் யார் இருக்கிறார்?

எல்லோருக்கும் இது பொருந்தாது. தண்ணீர் நிறைய உள்ளவருக்கு ஒட்டுப்புல்லும் குதிரைமசாலும் போதும். நிலமே இல்லாதவருக்கு இது கொஞ்சம்தான் உதவும். நடுவில் இருக்கிறார்கள் பாருங்கள், ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு, ஒரு தவணைக் கடன், அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. ஒரு கோடையில் மாட்டை விற்காமல் தாண்டுவதா, விற்றுவிட்டுக் கடனை மட்டும் வைத்துக்கொள்வதா என்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

நடுவதற்கான மாதங்கள் ஆடியும் ஆவணியும். மழையில் வேர் பிடித்து, மழை முடியுமுன் முழங்கால் உயரம் வந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வரப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் அப்போது எங்கும் பச்சை இருக்கிறது. சித்திரையில் எல்லோரும் யோசிக்கிறார்கள், அப்போது நட முடியாது. விவசாயத்தில் பாதி நஷ்டம் இந்த எட்டு மாத இடைவெளியில்தான் நடக்கிறது. அடுத்த ஆடியில் யாராவது ஒரு சங்கம் நூறு ரூபாய்க்கு விதை கட்டி வைத்தால், அதற்கடுத்த சித்திரையில் பால் அட்டை பதில் சொல்லும். உங்கள் ஊரில் மாடு வைத்திருக்கும் சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் சொல்லிப் பாருங்களேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு, விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.